கடைசி எண் ஏழு

வித்துரா
3-6-2025

பேத்தி ஆதிராவுக்கு வித்துராவிலிருந்து ஆச்சி முத்தாரம்மாள் எழுதுகிறது.

இங்கே நானும் உனக்க அப்பன் தாணுவும் அம்மையும் இருக்கிறோம். மழை பிடித்தாச்சு. கழக்கூட்டத்து ஹாஸ்டலிலே நேரத்துக்குச் சோறு கிடைக்குதா, இல்லை பழையபடி பிஸ்கட்தானா?

போன் இருக்கும்போது எதுக்குக் கடுதாசி என்று கேட்பாய். மே மாசம் பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நான் பேசிக்கொண்டிருக்கும்போது "ஒரு நிமிஷம் ஆச்சி" என்று சொல்லி வைத்தாய். அந்த நிமிஷம் இன்னும் முடியவில்லை. கடுதாசியை யாரும் நடுவிலே வைக்க முடியாது. அதனாலே இனி இப்படித்தான்.

விஷயம் இது. போன மாசம் இருபத்தொன்பதாம் தேதி கண் ஆபரேஷனுக்காகப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவுண்டரிலே ஷெமி என்று ஒரு பிள்ளை. கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "அம்மச்சி, உங்களுக்குச் சர்க்கரை முன்னூறுக்கு மேலே. ஆபரேஷன் இப்போ பற்றாது, செய்ய முடியாது" என்றாள். எனக்குச் சர்க்கரையே கிடையாது. மே பன்னிரண்டாம் தேதி அங்கேயே ரத்தம் கொடுத்தேன், ஒன்றும் இல்லை என்று அங்கத்து டாக்டரே சொன்னார். என் ஆஸ்பத்திரி நம்பரை வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். கடைசியிலே ஆறு என்றாள். என் நம்பர் ஏழிலே முடியும்.

"கார்டிலே அச்சு தெற்றிப் போச்சு அம்மச்சி, ஸ்கிரீனிலே ஆறுதான்" என்று சொல்லி ஆறு போட்ட புதுக் கார்டு ஒன்று அடித்துக் கொடுத்தாள். கவுண்டரிலேயே திருப்பி வைத்துவிட்டு வந்தேன். பின்னாலே நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்த முகங்களை எல்லாம் பார்த்து வைத்திருக்கிறேன்.

அந்த ஆஸ்பத்திரிக்கு ஏப்ரலிலே புதுக் கம்ப்யூட்டர் ஏற்பாடு செய்தது உங்க கம்பெனிதானாமே. உனக்க அப்பன் சொன்னான். ஆறு எப்படி வந்தது என்று கேட்டு எழுது.

கண் மங்கல்தான், மற்றபடி கல்லு மாதிரி இருக்கிறேன்.
ஆச்சி

*

கழக்கூட்டம்
9-6-2025

அன்புள்ள ஆச்சி,

நான் நல்லா இருக்கேன். சோறும் கிடைக்குது. தமிழ் எழுதி நாளாச்சு, தப்பு இருந்தா திட்டாதீங்க. அன்னைக்குப் போனை வெச்சதுக்கு மன்னிச்சிடுங்க, டீம் லீட் வினீத் சார் பக்கத்திலே வந்து நின்னாரு.

ஆச்சி, கம்ப்யூட்டர் அப்படி ஏழை ஆறா மாத்தாது. பழைய ஆஸ்பத்திரிப் பதிவு எல்லாத்தையும் புதுசுக்கு மாத்தும்போது ஒவ்வொரு நம்பரையும் சோதிச்சுத்தான் உள்ளே விட்டிருக்கோம். பதினாறு இலக்கம் இருக்கணும், முதல் இலக்கம் எட்டோ ஒன்பதோ இருக்கணும். இதுக்கு 'பேட்டர்ன்'னு பேரு. அதுக்குப் பொருந்தலேன்னா கதவு திறக்காது. உங்க நம்பரும் பொருந்தித்தான் உள்ளே போயிருக்கு.

பதினாறு இலக்கத்தை யாராலே மனசிலே வைக்க முடியும்? வயசாகும்போது கடைசி ஒண்ணு ரெண்டு தெற்றும், சாரமில்லை, அது பரவாயில்லை. அந்தப் புதுக் கார்டை வாங்கிக்கோங்க. சர்க்கரைக்கு அவங்க தர்ற மாத்திரையை ஒரு மாசம் சாப்பிட்டா ஆபரேஷன் நடந்திடும்.

அம்மாகிட்டே கேட்டதா சொல்லுங்க.
ஆதிரா

*

வித்துரா
14-6-2025

ஆதிராவுக்கு,

எல்லாரும் இருக்கிறோம். நீ சுகமா என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

வயசாகும்போது தெற்றும் என்று எழுதினாய். ஜூன் ஒன்பதாம் தேதி. குறித்து வைத்தாச்சு.

9126041703082237. கார்டைப் பாராமல் எழுதினேன். எப்படி என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். ஒன்பது: என் கல்யாணச் சீரிலே போன பலகாரம் ஒன்பது, எட்டுதான் வந்தது என்று ஊரெல்லாம் சொன்னாள் என் மாமியார். ஒன்று: வீட்டிலே இருந்தது ஒரே சிலேட்டு, அது என் தம்பிக்குப் போச்சு. இரண்டு: இரண்டு வரி எழுதாமல் வெறும் கல்யாணப் பத்திரிகையைத் தபாலிலே போட்ட சித்தி. ஆறு: ஆறு மாசம் பேசாத அக்கா. பூஜ்யம்: அதுக்கு அப்புறம் அவள் வருத்தம் சொன்ன தடவை. நடுவிலே உள்ளதை எழுதினால் உனக்க அப்பனுக்கு மனசு கஷ்டப்படும். கடைசி ஏழு: உனக்க தாத்தா செத்து ஏழாம் நாள்தான் அந்தத் தம்பி வந்து எட்டிப் பார்த்தான். ஆறாம் நாளே வந்துவிட்டான் என்று உங்க கம்ப்யூட்டர் சொன்னால் நான் சம்மதிப்பேனா?

மூன்றாம் கிளாஸோடே என்னை நிறுத்தினார்கள். நூறு வரைக்கும்தான் எண்ணப் படித்தேன். அதனாலே இந்த நம்பரை நான் எண்ணவே இல்லை. இது எத்தனை கோடி என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். இது பேரு. முத்தாரம்மாள் என்பதிலே ஒரு புள்ளி போனால் அது வேறே ஆள். இரண்டு ஆஸ்பத்திரி நம்பரைக் கூட்டினால் மூன்றாவது ஒரு ஆள் எழுந்து வருவாளா? நீங்கள் படித்தவர்கள், சொல்லுங்கள்.

இன்னொன்று. ஆறு யார் என்று எனக்குத் தெரியும். மார்ச் பதினேழாம் தேதி, புதுக் கட்டிடத்திலே நம்பர் எடுக்க வரிசையிலே நின்றேன். எனக்கு முன்னாலே ஒருத்தி வந்து புகுந்தாள். வலது காலிலே கட்டு, கையிலே மீன் வாடை. "நான் விழிஞ்ஞம் ஹார்பர் ராஜபாய், எனக்கு பஸ் பிடிக்கணும்" என்று சத்தம் போட்டாள். நானும் போட்டேன். கடைசியிலே அவள்தான் முந்தினாள். அவளுக்கு அடுத்த சீட்டு எனக்கு. அப்போ ஆறு அவள்தானே?

அவளுக்குச் சர்க்கரை இருக்கும், காலைப் பார்த்தாலே தெரியும். அது எனக்கு வந்து சேர்ந்தது. சரி. எனக்கு இல்லாத சர்க்கரை யாருக்குப் போச்சு, மக்கா? அவளுக்கு ஒன்றும் இல்லை என்று யாராவது சொல்லியிருந்தால்?

இதுக்குப் பதில் எழுது.
ஆச்சி

*

வித்துரா
27-6-2025

ஆதிராவுக்கு,

பதின்மூன்று நாள் ஆச்சு. வித்துராவிலிருந்து கழக்கூட்டத்துக்குத் தபால் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். மிச்சம் ஒன்பது நாள் உன்னுடையது.

இங்கே யாருக்கும் கேடில்லை. உனக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் ஒரு வரி போடு. உடம்புக்கு ஒன்றுமில்லை என்றால் முழுசாக எழுது.
ஆச்சி

*

கழக்கூட்டம்
3-7-2025

அன்புள்ள ஆச்சி,

உடம்புக்கு ஒண்ணும் இல்லை. வேலை அதிகம்.

நீங்க சொன்னதைப் பார்த்தோம். ஒரு சின்னக் குழப்பம் இருக்கிறது சரிதான். பழைய பதிவிலிருந்து எடுக்கும்போது நம்பர்கள் எழுத்தாக எடுக்கப்படாமல் எண்ணாக எடுக்கப்பட்டுவிட்டது. கம்ப்யூட்டருக்கு எண் என்று சொன்னால் அது ஒரு அளவு வரைக்கும்தான் கடைசி இலக்கத்தைச் சரியாப் பிடிச்சு வைக்கும். அந்த அளவைத் தாண்டினா ஒற்றை எண்களுக்கு இடம் கிடையாது, பக்கத்திலே இருக்கிற இரட்டை எண்ணிலே கொண்டு உட்கார வெச்சிடும். எட்டிலே தொடங்குற பழைய நம்பர்களுக்கு ஒண்ணும் ஆகலை. புதுக் கட்டிடத்து நம்பர் மட்டும் தொண்ணூற்றொண்ணிலே தொடங்குறதாலே அளவைத் தாண்டிப் போச்சு. ஏழு ஆறானது அப்படி.

மாறின பிறகும் அது பதினாறு இலக்கம்தான், ஒன்பதிலேதான் தொடங்குது. அதனாலே பேட்டர்ன் சோதனையிலே பிடிபடலை. பேரு, ஊரு எல்லாம் எழுத்தா இருந்ததாலே மாறலை. ரத்த ரிப்போர்ட்டும் மருந்துச் சீட்டும் நம்பரை மட்டும் பார்த்து ஒட்டுறதாலே அது மட்டும் கலந்து போச்சு. நம்பரைச் சுத்தி ரெண்டு மேற்கோள் குறி போட்டிருந்தா அது எழுத்தா நின்னிருக்கும்.

உங்க ஃபைலையும் அந்த அம்மா ஃபைலையும் அடுத்த மாசம் கையாலே பிரிச்சுக் கொடுப்பாங்க. வினீத் சார் சொல்லியிருக்காரு. அதுவரை தயவுசெய்து ஆஸ்பத்திரியிலே போய் யார்கிட்டேயும் பேச வேண்டாம் ஆச்சி. டென்ஷன் ஆகாதீங்க.

ஆதிரா

*

வித்துரா
9-7-2025

ஆதிராவுக்கு,

நான் நடந்து திரிகிறேன். எவ்வளவு நடந்தேன் என்று கீழே தெரியும்.

அடுத்த மாசமா? ஒரு காலுக்கு அடுத்த மாசம் என்று யார் நாள் குறித்தது?

உன் கடுதாசி திங்கட்கிழமை காலையிலே வந்தது. வாசித்தேன், சேலை மாற்றினேன், பஸ் ஏறினேன். உனக்க அப்பன் கடையை விட்டு ஓடி வந்து, "அம்மா, கண்ணு தெரியாமே எங்கே போறீங்க?" என்றான். "கண்ணு தெரியாதவளுக்கு வாய் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனேன். தம்பானூரில் இறங்கி, கிழக்கே கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, விழிஞ்ஞம் வண்டியிலே கண்டக்டரிடம் ஹார்பரிலே இறக்கிவிடச் சொன்னேன்.

ராஜபாய் வீட்டைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. சத்தத்தை வைத்தே கண்டுபிடித்தேன். காலை முக்காலியிலே தூக்கி வைத்துக்கொண்டு கூட மீன் விற்கிற ஒருத்தியோடே சண்டை. என்னைப் பார்த்ததும், "நீயா? அன்னைக்கு ஆஸ்பத்திரியிலே தொண்டை கிழியக் கத்தின ஆளுல்லா நீ?" என்றாள்.

"ஆமா. நீ முந்தினதினாலே வந்த வினையைச் சொல்லத்தான் வந்தேன். உனக்குச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தினாங்களா?"

"மே இருபதாம் தேதி நிறுத்தியாச்சு. எல்லாம் நார்மலாம். கேட்டதும் அன்னைக்கே பாயசம் வெச்சேன். உனக்கு அசூயை, அல்லே?"

"நார்மல் உன் ரத்தம் இல்லே. என் ரத்தம்."

அவள் சிரித்தாள். பிறகு காலைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுபோச்சு. கட்டை அவிழ்த்துக் காட்டினாள். இரண்டு விரல் கறுத்திருந்தது. வலி இல்லையாம், அதனாலே நல்லாகுது என்று நினைத்தாளாம்.

பக்கத்து லேபிலே ரத்தம் கொடுத்தோம். நானூற்றுப் பத்து. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு நானே கொண்டுபோனேன். படுக்க வைத்துவிட்டார்கள். ஆனால் அங்கே ஒரு அதிகாரி வந்து அவளிடம், "மாத்திரையை நீங்களே நிறுத்திக்கிட்டு இப்போ ஆஸ்பத்திரியைச் சொல்றீங்களா?" என்றார். எங்கள் ஃபைல் கலந்துபோச்சு என்று நான் சொன்னேன். என்னைப் பார்த்தார், என் கண்ணைப் பார்த்தார், "அம்மச்சிக்கு ஓர்மை குறைவு" என்று நர்ஸிடம் சொன்னார். எனக்கு ஓர்மை குறைவாம், ஞாபகம் நிற்காதாம். டாக்டருக்கோ எது யாருடைய ரிப்போர்ட் என்று தெரியாமல் ராஜபாய்க்கு என்ன மருந்து ஒத்துக்கொள்ளும் என்று குழப்பம். உங்க கம்பெனி ஒரு வார்த்தை சொன்னால்தான் அவர்கள் நம்புவார்கள்.

உன் கடுதாசியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். 'எடுக்கப்பட்டுவிட்டது' என்று எழுதியிருக்கிறாய். நீ சின்ன வயசிலே கண்ணாடித் தம்ளரை உடைத்தால் 'உடைஞ்சு போச்சு' என்பாய். எடுத்த கைக்கு ஆள் உண்டா இல்லையா?

இன்னொன்றும் கேட்கிறேன். ஏழு ஆறுக்குப் போனால், அஞ்சு எங்கே போச்சு?
ஆச்சி

*

கழக்கூட்டம்
14-7-2025

ஆச்சி,

அஞ்சும் ஆறுக்குத்தான் போச்சு. மூணு பேர் ஒரே ஃபைலிலே இருக்கீங்க. ராஜபாய்க்கு முன்னாலே நின்னது அருமைநாயகம்னு ஒருத்தர், மூச்சு முட்டலுக்குப் பார்க்கிறவர். நாலு நம்பர் எடுத்தா மூணு ஒண்ணாகுது, ஒண்ணு மட்டும் தனியா நிக்குது. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர். நேத்துதான் எண்ணி முடிச்சேன்.

அந்த வரியை எழுதினது நான். சோதிச்சதும் நான். நான் சோதனைக்கு எடுத்த நம்பர் எல்லாம் எட்டிலே தொடங்குறது. எல்லாம் சரியா வந்தது, சந்தோஷமா வீட்டுக்குப் போனேன். உங்க ஜூன் பதினாலாம் தேதிக் கடுதாசி வந்த அன்னைக்கே உங்க நம்பரைப் போட்டுப் பார்த்தேன். கண்ணு முன்னாலேயே ஏழு ஆறாச்சு. அப்புறம் ரெண்டு வாரத்துக்கு மேலே உங்களுக்கு எழுத முடியலை.

வினீத் சார் ஒரு கடிதம் தயார் பண்ணி வெச்சிருக்காரு. பழைய பதிவே கெட்டுப்போய்த்தான் எங்க கைக்கு வந்ததுன்னு அதிலே இருக்கு. சோதிச்ச ஆள்ங்கிற முறையிலே நான் கையெழுத்துப் போடணும். போட்டா ரெண்டு ஃபைலையும் உடனே பிரிச்சுக் கொடுத்திடுவாங்க, உங்களுக்கு ஆபரேஷனும் நடக்கும். மத்த நானூற்றுப் பத்து பேரை மெதுவா, சத்தமில்லாமே சரி பண்ணலாமாம். போடலேன்னா மாசக் கடைசியோடே என்னை வேலையிலே வெச்சுக்க மாட்டாங்க. இன்னும் நிரந்தரம் ஆகலை.

அப்பாகிட்டே சொல்ல வேண்டாம். என்ன செய்யட்டும்?
ஆதிரா

*

வித்துரா
17-7-2025

ஆதிராவுக்கு,

உனக்க அப்பனிடம் சொல்லவில்லை. அவன் கடுதாசியைக் கேட்டான், சேலைக்குள்ளே வைத்திருக்கிறேன்.

என்ன செய்யட்டும் என்று என்னிடம் கேட்காதே. என்னிடம் கேட்டுச் செய்தால் நாளைக்கு 'ஆச்சி சொன்னாங்க, செய்தேன்' என்பாய். அதுவும் உடைஞ்சு போச்சு மாதிரிதான்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தக் கடிதத்திலே என் கண்ணை வைத்து விலை பேசாதே. எனக்காக என்று சொல்லி ஒரு கையெழுத்துப் போட்டாயானால் நான் இரண்டு கண்ணும் தெரியாமலே இருந்துகொள்வேன். அந்த அருமைநாயகத்துக்கு யார் மாத்திரை போகுது என்று யாருக்குத் தெரியும்? அவருக்குச் சத்தம் போட ஆச்சி இல்லை.

நானும் ஒரு தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பத்தொன்பது வயசு. நாலு ஆம்பிளைகள் சுற்றி நின்று, 'ஒன்றுமில்லை, சும்மா ஒரு பேப்பர்' என்றார்கள். என்ன பேப்பர் என்று எழுத மாட்டேன்.

உன்மேலே கோபம் போகவில்லை. தப்பு செய்ததுக்கு இல்லை. தெரிந்தும் பேசாமல் இருந்தாயே, உன் பதில் என் கைக்கு வர மூன்று வாரம் ஆச்சே, அதுக்கு. அந்த மூன்று வாரமும் அவள் கறுத்த விரலோடே மீன் விற்றாள்.

ராஜபாய் இன்னும் ஆஸ்பத்திரியிலேதான் இருக்கிறாள். இரண்டு நாளுக்கு ஒரு தடவை போகிறேன். கஞ்சிக்கு உப்பு போதாது என்று என்னைத் திட்டுகிறாள்.
ஆச்சி

*

கழக்கூட்டம்
30-7-2025

அன்புள்ள ஆச்சி,

உங்க கண் எப்படி இருக்கு? எனக்குக் காய்ச்சல் வந்து போச்சு, இப்போ பரவாயில்லை. 'வேலை அதிகம்'னு எழுதினது மாதிரி சும்மா இல்லை, நெசமாவே வந்தது.

கையெழுத்துப் போடலை. உங்க கடுதாசி வந்த பிறகும் பதினோரு நாள் யோசிச்சேன், அதையும் குறிச்சுக்கோங்க. நேத்துக் காலையிலே ஆஸ்பத்திரி சூப்பிரண்டுக்கு நானே எழுதி அனுப்பினேன். என்ன தப்பு, எந்த வரி, யார் எழுதினது எல்லாம் வெச்சு. கீழே நானூற்றுப் பன்னிரண்டு நம்பரும், ஒவ்வொண்ணும் மேற்கோள் குறிக்குள்ளே, பக்கத்திலே பேரோடே. பழைய பதிவிலேருந்து எழுத்தா திரும்ப எடுத்தேன், ஒரு இலக்கம் பிசகலை. வினீத் சாருக்கும் அதே நேரத்திலே போகிற மாதிரி அனுப்பினேன்.

ரெண்டு நிமிஷத்திலே பக்கத்திலே வந்து நின்னாரு. "ஆதிரா, இது தேவையா? நாம ஒரு டீம் அல்லே?"

"டீம்னா கையெழுத்து மட்டும் ஏன் சார் எனக்கு?"

அவரு சீட்டுக்குத் திரும்பிப் போனாரு. பக்கத்து சீட்டு ஸ்ரீலக்ஷ்மி தலையைக் கவிழ்த்துக்கிட்டா. சாயங்காலம் லேப்டாப்பை வாங்கிக்கிட்டாங்க. நாளையோடே வேலை முடியுது.

ஆஸ்பத்திரியிலேருந்து ஒவ்வொருத்தரையா கூப்பிட ஆரம்பிச்சிருக்காங்க. அந்த அதிகாரி எனக்குப் போன் போட்டு, "மோளே, நீ யாரு?" என்று கேட்டாரு. ஓர்மை குறைவான அம்மச்சியோட பேத்தின்னு சொன்னேன்.

ராஜபாய் எப்படி இருக்காங்கன்னு நீங்க போன கடுதாசியிலே முழுசா எழுதலை. விரல் என்னாச்சு?
ஆதிரா

*

வித்துரா
5-8-2025

பேத்தி ஆதிராவுக்கு ஆச்சி எழுதுகிறது.

காய்ச்சலுக்கு மிளகு போட்டுக் குடித்தாயா? இங்கே எல்லாரும் நலம், என் கண்ணுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. உனக்க அப்பனிடம் நானே சொல்லிவிட்டேன். கல்லாவிலே சில்லறையை எண்ணி முடித்தான். பிறகு, "எங்க அம்மைக்க பேத்திதானே" என்று சொல்லிவிட்டுச் சாமான் எடுத்துக் கொடுக்கப் போனான். வேலை போனதுக்கு இந்த வீட்டிலே யாரும் அழ மாட்டார்கள். நீயும் அழுதுகொண்டு வராதே.

விரலைக் கேட்டாய். எழுதாமல் விட்டது நான்தான். உனக்கு அது தெரியாமல் நீ தீர்மானிக்கட்டும் என்று விட்டேன். ஜூலை பதினைந்தாம் தேதி இரண்டு விரலையும் எடுத்தாச்சு. கால் தப்பியது. ஒரு வாரம் பிந்தியிருந்தால் காலும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். மூன்று வாரம் முந்தியிருந்தால் விரல் நின்றிருக்குமா என்று நான் கேட்டேன். அவர் அடுத்த படுக்கைக்குப் போனார்.

நேற்று அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். நானும் கூடப் போனேன். சுவரைப் பிடித்து நடந்து பார்த்தாள், சாய்ந்தாள், மறுபடி நடந்தாள். உட்கார்ந்த பிறகு கேட்டாள்:

"ஆஸ்பத்திரிக்காரங்க மன்னிப்பு சொன்னாங்க. கம்ப்யூட்டர் தப்பாம். கம்ப்யூட்டருக்குக் கை உண்டா? எழுதினது யாரு?"

"எனக்க பேத்தி."

பேரும் சொன்னேன். ஆதிரா என்று. நீ மறுபடி எழுதி அனுப்பினதையும், வேலை போனதையும் சொல்லவில்லை. அது உன் வாயாலே வரட்டும், வராமலும் போகட்டும்.

ராஜபாய் காலைத் தூக்கி முக்காலியிலே வைத்தாள். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை அவளை வரச் சொல்லு. எனக்கு அவளைக் கொஞ்சம் திட்டணும்" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன்.

பத்தாம் தேதி, காலை பத்து மணி. ஹார்பர் ஸ்டாப்பிலே இறங்கி ராஜபாய் வீடு என்று கேள். நான் முன்னாலேயே போய் உள்ளே இருப்பேன். அவள் திட்டும்போது உனக்காக நான் பேச மாட்டேன். அவளுக்காகவும் பேச மாட்டேன். மேலதிகாரி சொன்னார், வேலை அதிகம், தெரியாமல் நடந்தது என்று எதையும் கையிலே கொண்டு வராதே. அவள் கேட்பதுக்கு மட்டும் பதில் சொல். காலைக் காட்டினால் பார். முகத்தைத் திருப்பாதே.

வாசலிலே நின்று யோசிக்காதே, அவளாலே எழுந்து வந்து கூப்பிட முடியாது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே உள்ளே வா.

ஆச்சி முத்தாரம்மாள்